ஷெர்லி என்ற பெயர் ஆண்களிடமிருந்து பெண்களுக்குப் போன வழி

இலங்கை நாடாளுமன்றத்தில் 1967 முதல் 1970 வரை சபாநாயகராக இருந்தவரின் பெயர் ஷெர்லி கொரெயா. சிலாபம் தொகுதியின் உறுப்பினரான அவர் ஓர் ஆண். அவருக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்தவர் ஸ்டான்லி திலகரத்ன. கொரெயா சபாநாயகராக இருந்த நாட்களில் நாட்டின் பிரதமர் டட்லி சேனநாயக்க. ஷெர்லி, ஸ்டான்லி, டட்லி ஆகிய மூன்றும் ஒரே வகையில் பிறந்த பெயர்கள். மூன்றும் முதலில் இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களாக இருந்து, பிறகு குடும்பப் பெயர்களாகி, அதன் பிறகே பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களாயின. ஸ்டான்லியும் டட்லியும் இன்றும் ஆண் பெயர்களாகவே இருக்க, ஷெர்லி மட்டும் உலகின் பெரும்பகுதியில் பெண் பெயராகிவிட்டது.

தென் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் வளர்ந்த எனக்கு ஷெர்லி என்றால் பெண்தான். என் பெரியம்மாவின் பெயர் அது. எங்கள் சபையில் அந்தப் பெயர் கொண்ட டீச்சர்களும் நர்சுகளும் இருந்தார்கள்; ஓர் ஆணுக்கு அந்தப் பெயர் இருக்கக்கூடும் என்ற எண்ணம் எங்களில் யாருக்கும் வந்ததில்லை. இலங்கை அரசியலைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகே கொரெயாவின் பெயர் கண்ணில் பட்டது; இந்தப் பெயரின் வரலாற்றைத் தேடிப் படிக்கும் ஆர்வம் அங்கிருந்துதான் பிறந்தது. படிக்கப் படிக்க, ஒரு பெயருக்குள் இவ்வளவு சமூக வரலாறு அடங்கியிருக்கிறதே என்ற வியப்பு கூடிக்கொண்டே போனது.

பழைய ஆங்கிலத்தில் 'லேயா' என்பது காட்டுக்கு நடுவே மரங்கள் நீங்கிய வெளியைக் குறித்தது. இங்கிலாந்தில் '-லி' என்று முடியும் எத்தனையோ ஊர்களின் பெயர்களில் இருப்பது அதுதான். ஸ்டான்லி கல் நிறைந்த வெளி. டட்லி, டுட்டா என்ற ஒருவனுக்கு உரிய வெளி. ஆஷ்லி, ஆஷ் மரங்கள் நின்ற வெளி. ஷெர்லியின் முதற்பகுதிக்கு இரண்டு பொருள் சொல்கிறார்கள். ஒளி மிகுந்த வெளி என்பது ஒன்று. ஷயர் எனப்படும் மாவட்டத்துக்குச் சொந்தமான வெளி என்பது மற்றொன்று. டெர்பிஷயர், ஹாம்ப்ஷயர், சர்ரே எனப் பல இடங்களில் ஷெர்லி என்ற ஊர்கள் உண்டு. டெர்பிஷயரின் ஷெர்லி கிராமத்திலிருந்து தம் பெயரை எடுத்துக்கொண்ட நிலவுடைமைக் குடும்பம் ஒன்று பின்னாளில் பல கிளைகளாகப் பெருகிச் செல்வாக்குப் பெற்றது. பாரசீகத்தின் ஷா அப்பாஸ் அவைக்கு 1590களின் கடைசியில் பயணப்பட்ட ஆந்தணி ஷெர்லி, ராபர்ட் ஷெர்லி சகோதரர்களின் பெயரை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். அந்தக் காலம் முழுவதும் ஷெர்லி என்பது குடும்பப் பெயர் மட்டுமே; அதற்கு ஆண்பால், பெண்பால் என்ற பேச்சே எழவில்லை.

குடும்பப் பெயரை ஒரு குழந்தையின் சொந்தப் பெயராக வைக்கும் பழக்கம் இங்கிலாந்தின் மேல்தட்டுக் குடும்பங்களில் 16ஆம் நூற்றாண்டில் பரவியது. தாயின் பிறந்த வீட்டுப் பெயர் அழிந்துபோகாமல் இருக்க மகனுக்கு அதைச் சூட்டுவார்கள்; அல்லது ஞானத் தகப்பனாக நின்ற பெரிய மனிதரின் குடும்பப் பெயரைச் சூட்டுவார்கள். அந்த நூற்றாண்டில் சில நாட்களே இங்கிலாந்தின் அரசியாக இருந்த லேடி ஜேன் கிரேயின் கணவர் கில்ஃபோர்ட் டட்லிக்கு அந்த முதற்பெயர் அவருடைய தாயின் குடும்பத்திலிருந்து வந்தது. இதே வழக்கம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகும் காலனிகளில் உயிரோடு இருந்ததற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. 1899இல் பிறந்த பண்டாரநாயக்கவின் முழுப்பெயர் சாலமன் வெஸ்ட் ரிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயக்க. வெஸ்ட் ரிட்ஜ்வே என்பது அப்போது இலங்கையின் ஆளுநராகவும் குழந்தையின் ஞானத் தகப்பனாகவும் இருந்தவரின் பெயர். நமக்கும் இது அந்நியமான வழக்கமன்று. லிங்கன், கென்னடி, போஸ், நேரு, ஸ்டாலின் எனப் பிறருடைய குடும்பப் பெயர்களையும் புனைபெயர்களையும் நம் பிள்ளைகளுக்குச் சொந்தப் பெயராக வைத்திருக்கிறோம். ஏறக்குறைய எல்லாமே ஆண் பிள்ளைகளுக்குத்தான் போயின என்பதைக் கவனிக்க வேண்டும். அதிகாரத்தோடும் சொத்தோடும் புகழோடும் ஒட்டிக்கொண்டு வரும் பெயரை மகனுக்குக் கொடுப்பதே எங்கும் இயல்பாக இருந்திருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் ஷார்லட் பிராண்ட்டே 1849இல் வெளியிட்ட 'ஷெர்லி' நாவலைப் பார்க்க வேண்டும். யார்க்‌ஷயரின் கம்பளி ஆலைகளில் புதிய இயந்திரங்கள் வந்து, வேலையிழந்த தொழிலாளர்கள் அவற்றை அடித்து நொறுக்கிய 1811–12 காலம் கதையின் களம். கதையின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை ஷெர்லி வருவதில்லை என்றே சொல்லலாம். வந்த பிறகு அவளை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. ஷெர்லி கீல்டர் இளம்பெண், பெற்றோர் இல்லை, நிலமும் ஆலைக் கட்டடமும் அவள் பெயரில் இருக்கின்றன. அவளுக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை நாவலே சொல்கிறது. மகன் வேண்டும் என்று ஆசைப்பட்ட பெற்றோருக்கு, திருமணமாகி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மகளே பிறக்கிறாள். மகனுக்கு வைப்பதற்காக எண்ணியிருந்த குடும்பத்து ஆண் பெயரையே அவர்கள் அவளுக்கு வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயரை ஷெர்லி சுமையாக நினைப்பதில்லை. தனக்கு ஆணின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள், தான் வகிப்பதும் ஆணின் இடம்தான் என்று அவள் வெளிப்படையாகச் சொல்கிறாள். தன்னைக் கேப்டன் கீல்டர் என்று அழைத்துக்கொள்கிறாள். ஊர்க் காரியங்களைப் பற்றிப் பாதிரியார்களோடும் ஆலை முதலாளியோடும் சரிக்குச் சரியாகப் பேசுகிறாள். 1849இன் வாசகர்களுக்கு ஷெர்லி என்று ஒரு பெண்ணை அழைப்பதே காதில் உறுத்தியிருக்கும். நாவலாசிரியர் விரும்பியதும் அந்த உறுத்தலைத்தான்.

அந்த நாவலின் முகப்பில் ஷார்லட்டின் பெயர் இல்லை. கர்ரர் பெல் என்ற புனைபெயரே இருந்தது. மூன்று சகோதரிகளும் கர்ரர், எல்லிஸ், ஆக்டன் என்ற பெயர்களில்தான் எழுதினார்கள். பெண்கள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள் என்ற எண்ணமும், முற்றிலும் ஆண்களுக்கே உரிய பெயரை எடுத்துக்கொள்ள மனம் ஒப்பாத தயக்கமும் சேர்ந்து, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெயர்களைத் தேடிக்கொண்டதாக ஷார்லட் 1850இல் எழுதினார். அவர்கள் கண்டுபிடித்த அந்த நடுநிலைப் பெயர்கள், ஷெர்லியைப் போலவே, குடும்பப் பெயர்களாக வழங்கியவை. இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் அவருடைய சகோதரன் பிரான்வெல், சகோதரி எமிலி, இன்னொரு சகோதரி ஆன் என மூவரும் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோனார்கள். எமிலிக்கு நல்ல உடல்நலமும் செல்வமும் வாய்த்திருந்தால் அவள் எப்படி இருந்திருப்பாளோ அதுதான் ஷெர்லி என்று ஷார்லட் பின்னாளில், தம் வாழ்க்கை வரலாற்றை எழுதவிருந்த எலிசபெத் காஸ்கெலிடம் சொன்னார். இதை அறிந்த பிறகு அந்தப் பெயரை என்னால் சாதாரணமாக உச்சரிக்க முடிவதில்லை. ஒரு பெண்ணுக்கு வாழ்க்கை கொடுக்காத உரிமைகளை, அவளுடைய சகோதரி கதைக்குள் ஓர் ஆணின் பெயராகச் சூட்டியிருக்கிறாள்.

மகனுக்காகக் காத்திருந்து மகளைப் பெற்றவர்கள் என்ன பெயர் வைக்கிறார்கள் என்ற கேள்வி நம் ஊரில் வேறொரு பதிலைத் தருகிறது. தொடர்ந்து பெண் குழந்தைகள் பிறந்த வீடுகளில் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயர் வைத்த வழக்கத்தைத் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிவோம். கீல்டர் தம்பதியின் ஏமாற்றமும் இந்தப் பெற்றோரின் ஏமாற்றமும் ஒன்றுதான். அங்கே மகனுக்கு வைத்திருந்த பெயர் மகளுக்கு மாறியது. இங்கே அடுத்தது மகனாகப் பிறக்கட்டும் என்ற வேண்டுதலே பிறந்தவளின் பெயராகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவேட்டில் தன்னை வேண்டாம் என்று அழைக்கக் கேட்டு வளரும் பிள்ளையை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

நாவல் வந்த மறுநாளே பெயர் பெண்களிடம் போய்விடவில்லை. இங்கிலாந்தின் நகைச்சுவை இதழான 'பஞ்ச்'இன் ஆசிரியராக 1870களில் இருந்த ஷெர்லி புரூக்ஸ் ஆண். டோங்கா தீவின் பிரதமராகவே ஆகிவிட்ட மிஷனரி ஷெர்லி பேக்கரும் ஆண். கனடாவின் பிரபலமான ஆன் ஷெர்லி கதைவரிசையில்கூட ஆன் தன் கடைசி மகனுக்குத் தன் பிறந்த வீட்டுப் பெயரான ஷெர்லியையே வைக்கிறாள்; 1920ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட அந்தக் கதையில் அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. இருந்தாலும் பெண்களுக்கு அந்தப் பெயரை வைப்பவர்கள் மெல்லப் பெருகினார்கள். அமெரிக்காவில் 1920களில் பிறந்த பெண் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலில் ஷெர்லி முதல் இருபது இடங்களுக்குள் வந்துவிட்டது. பின்னாளில் அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஷெர்லி சிஷோம் 1924இல் பிறந்தவர்.

1928 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பிறந்த ஷெர்லி டெம்பிளுக்கு அவருடைய பெற்றோர் வைத்தது, அன்றைக்கு ஏற்கனவே மேலேறிக்கொண்டிருந்த ஒரு பெயரை. ஆறு வயதுக்குள் அவர் உலகப் புகழ் பெற்ற நட்சத்திரமானார். 1935 முதல் 1938 வரை நான்கு ஆண்டுகள் அமெரிக்கத் திரையரங்குகளில் மிக அதிக வசூலைத் தந்தவர் அந்தச் சிறுமிதான். பொருளாதார வீழ்ச்சியில் நொந்துபோயிருந்த மக்கள் அந்தச் சுருட்டை முடிக்காரக் குழந்தையைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அவர் உருவத்தில் செய்த பொம்மைகள் கடைகளில் குவிந்தன. 1935, 1936 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவில் மேரிக்கு அடுத்தபடியாகப் பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக வைக்கப்பட்ட பெயர் ஷெர்லி. அந்த அலை தமிழ்நாட்டையும் தொட்டது. கே. சுப்ரமணியம் இயக்கிய 'பாலயோகினி' 1937இல் வெளிவந்தபோது அதில் நடித்த சிறுமியை இந்தியாவின் ஷெர்லி டெம்பிள் என்று கொண்டாடினார்கள். அவர்தான் பேபி சரோஜா. அவருடைய புகழால் அந்தக் காலத்தில் பிறந்த எத்தனையோ பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். நம் குடும்பங்களில் 1930களின் கடைசியிலும் 1940களிலும் பிறந்த சரோஜாக்களின் எண்ணிக்கையை நினைத்துப் பார்த்தால், அமெரிக்காவில் ஷெர்லிக்கு என்ன நடந்தது என்பது விளங்கும்.

சரோஜா முன்பே பெண் பெயர். அந்த அலையால் அது பெருகியது, அவ்வளவுதான். ஷெர்லியின் விஷயத்தில் அலை இன்னொரு காரியத்தையும் செய்தது. ஆண்களுக்கு அந்தப் பெயரை வைப்பதையே அது நிறுத்திவிட்டது. முன்பே அந்தப் பெயரோடு வாழ்ந்துகொண்டிருந்த ஆண்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக விளையாட்டுச் செய்திகள் எழுதிய ஷெர்லி போவிச் 1905இல் பிறந்தவர்; 1950களின் கடைசியில் அமெரிக்காவின் புகழ்பெற்ற பெண்களைத் தொகுத்த ஒரு நூல் அவரையும் பெண் என்று எண்ணிச் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தில் 'பிக் டாடி' என்ற பெயரில் லட்சக்கணக்கானவர்கள் தொலைக்காட்சியில் பார்த்து ரசித்த மல்யுத்த வீரரின் இயற்பெயர் ஷெர்லி கிராப்ட்ரீ. 1930இல் ஹாலிஃபாக்ஸில் பிறந்த அவருக்கு அது தந்தையின் பெயர். தந்தையும் ஷெர்லி கிராப்ட்ரீதான். பிராண்ட்டே சகோதரிகள் வாழ்ந்த ஹாவர்த்திலிருந்து ஹாலிஃபாக்ஸ் அதிகத் தொலைவில் இல்லை. நாவலின் களமான அதே மேற்கு யார்க்‌ஷயர் மண்ணில் ஒரு தந்தையும் மகனும் 20ஆம் நூற்றாண்டிலும் அந்தப் பெயரை ஆண் பெயராகவே சுமந்திருக்கிறார்கள். மகன் பிறந்தபோது வீட்டில் யாரும் அதை யோசித்திருக்கமாட்டார்கள். அவன் பள்ளிக்குப் போகும் வயதில் அதே பெயர் கொண்ட ஒரு சிறுமி திரையில் பாடி ஆடிக்கொண்டிருந்தாள்.

ஒரு பெயர் இரு பாலாருக்கும் பொதுவாக நீண்டகாலம் ஏன் நிலைப்பதில்லை என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் ஆராய்ந்தார்கள். பெண்கள் ஒரு பெயரை எடுத்துக்கொள்ளத் தொடங்கினால் ஆண் குழந்தைகளின் பெற்றோர் அதை விட்டு விலகுவதும், எதிர்த்திசையில் அவ்வாறு நடக்காததும் இதன் அடிப்படை. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் புள்ளிவிவரம்கூடத் தேவைப்படவில்லை. பெரியம்மாவின் பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் முன் பெயர் தேடிக்கொண்டிருந்தபோது, பாட்டியின் பெயரையே வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். ஷெர்லி கொரெயாவைப் பற்றியும் சொன்னேன். "பையனுக்கு ஷெர்லியா? பள்ளிக்கூடத்துல பிள்ளைய வச்சு வாங்கிருவாங்கண்ணே" என்று குழந்தையின் தகப்பன் ஒரே வரியில் மறுத்துவிட்டான். அதே குடும்பத்தில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு ஆண் பெயர்களாக வழங்கியவற்றை வைத்தபோது யாரும் வாய் திறக்கவில்லை; பெயர் நவீனமாக இருக்கிறது, மிடுக்காக இருக்கிறது என்று பாராட்டினார்கள். மகள் ஆணின் பெயரைப் பெற்றால் அவளுக்கு ஒரு படி உயர்வு. மகன் பெண்ணின் பெயரைப் பெற்றால் அவனுக்கு ஒரு படி தாழ்வு. இந்த எண்ணம் இருக்கும் வரை பெயர்கள் ஒரே திசையில்தான் நகரும்.

அப்படி நகர்ந்த பெயர்கள் பல. எவலின், பெவர்லி, விவியன், லெஸ்லி என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆங்கில எழுத்தாளர் எவலின் வாஹ் 1928இல் மணந்துகொண்ட பெண்ணின் பெயரும் எவலின் என்பதால் நண்பர்கள் அவர்களை ஆண் எவலின், பெண் எவலின் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி 1936இல் வந்த புகழ்பெற்ற நாவலில் ஆஷ்லி என்பவன் கதாநாயகி ஏங்கும் ஆண். 1939இல் அது படமானபோது அந்த வேடத்தில் நடித்தவர் லெஸ்லி ஹோவர்ட். வேடத்தின் பெயர், நடிகரின் பெயர் இரண்டுமே பிறகு பெண்களிடம் போயின. 1991லும் 1992லும் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக வைக்கப்பட்ட பெயர் ஆஷ்லிதான். ஆனால் கிரிக்கெட் பார்க்கும் நமக்கு இங்கிலாந்தின் ஆஷ்லி ஜைல்ஸ், ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி மாலெட், இலங்கையின் ஆஷ்லி டி சில்வா எல்லோரும் ஆண்கள். ஒரே பெயர் ஒரே காலத்தில் ஒரு நாட்டில் பெண்ணாகவும் இன்னொரு நாட்டில் ஆணாகவும் இருக்கிறதென்றால், ஒலியில் பால் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இகரத்தில் முடிவதால்தான் ஷெர்லி பெண் பெயராகத் தோன்றுகிறது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மணி, பாரதி, மூர்த்தி, கென்னடி என்று இகரத்தில் முடியும் ஆண் பெயர்களைத் தினமும் அழைக்கிற நாம் அந்தக் காரணத்தை ஏற்க முடியாது.

பெண்களிடம் வந்து சேர்ந்த பெயர் அவர்களுக்கு அதிகாரத்தையும் கூடவே கொண்டுவந்துவிடவில்லை. ஜெர்மனியின் டார்ட்மண்டில் 1933இல் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் ஐந்து வயதுக் குழந்தையாக இங்கிலாந்து சேர்ந்த, யூதத் தந்தையின் மகளான ஒரு பெண், டெரெக் ஷெர்லி என்பவரை மணந்து ஸ்டெஃபனி ஷெர்லி ஆனார். 1962இல் ஆறு பவுண்டு முதலோடு மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, குழந்தை பெற்றதால் வேலையை விட்டு நின்ற பெண்களை வீட்டிலிருந்தே நிரல் எழுதவைத்தார். ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்டு அனுப்பிய வணிகக் கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஸ்டீவ் ஷெர்லி என்று மாற்றிக்கொண்ட பிறகு வந்தது. கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியது அவருடைய குழு. கர்ரர் பெல்லுக்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்திருந்தன. அப்போதும் ஒரு பெண் தன் வேலைக்காக ஆணின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இலங்கையில் ஷெர்லி ஏன் ஆண்களிடமே நின்றது என்பதற்கு என் மனத்தில் ஒரு விடை உண்டு. அங்கே படித்த குடும்பங்கள் ஆங்கிலேயக் குடும்பப் பெயர்களைத் தம் மகன்களுக்கு வைத்தது, ஷெர்லி டெம்பிள் பிறப்பதற்கு முன்பு. பெர்சி, நெவில், டட்லி, ஸ்டான்லி என்ற வரிசையில் ஷெர்லியும் ஒன்றாக நின்றது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் வைக்கும் வழக்கமே குறைந்து சிங்களப் பெயர்கள் தழைத்தன. ஆகவே பெண் குழந்தைகளுக்கு ஷெர்லி என்று வைக்கும் அலை அங்கே பெரிதாக எழவில்லை, ஆண்களைத் துரத்தவும் இல்லை. 1913இல் பிறந்த ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கையின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தவர்; 1976இல் பொதுச்சபையின் தலைவரானார். கடல் சட்டம் குறித்த மூன்றாவது மாநாட்டை 1973இலிருந்து 1980இல் தாம் இறக்கும் வரை தலைமையேற்று நடத்தினார். இன்று உலக நாடுகள் கடல் எல்லையைக் கணக்கிடும் சட்டத்தில் அவருடைய உழைப்பு இருக்கிறது. அவர் நினைவாக ஐ.நா. வழங்கும் ஆய்வு உதவித்தொகையும் அவருடைய முழுப்பெயரிலேயே இருக்கிறது. ஷெர்லி அமரசிங்க தெரிவித்தார் என்று எழுதினால் தமிழில் ஆணா பெண்ணா என்பது தெரியாமலே போய்விடும். மரியாதைப் பன்மை அந்த வகையில் நல்ல காரியம் செய்கிறது. அவரைப் பெண் என்றே எண்ணிப் படித்து முடித்தவர்கள் தமிழ்நாட்டில் கட்டாயம் இருப்பார்கள்.

இத்தனையும் ஆங்கிலப் பெயர்களுக்கு மட்டும் நேர்வது என்று நினைக்கக் கூடாது. வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில் சகர மன்னனின் மனைவி ஒருத்தியின் பெயர் சுமதி. அதே காண்டத்தில் விசுவாமித்திரரையும் ராமலட்சுமணர்களையும் வரவேற்று உபசரிக்கும் விசாலை நகரத்து அரசனின் பெயரும் சுமதி. சமணத்தின் ஐந்தாம் தீர்த்தங்கரர் சுமதிநாதர். இன்று தமிழ்நாட்டில் ஒரு பையனுக்குச் சுமதி என்று பெயர் வைப்பார் உண்டா?

எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் இப்போது ஆஷ்லி என்ற பெயரில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். வேதவசனம் ஒப்பிக்க ஆஷ்லி என்று டீச்சர் கூப்பிட்டால் இரண்டு பேரும் எழுந்து நிற்கிறார்கள். யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. ஷெர்லி கடந்த பாதையில் ஆஷ்லி நம்மிடையே இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை. அந்தப் பையனின் பெற்றோரிடம் பேசியபோது, பெயரை மாற்றும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டேன். "கிரிக்கெட்காரன் பேரு சார் அது, நாங்க எதுக்கு மாத்தணும்?" என்றார் தகப்பனார். பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் அந்தப் பெயரே இருக்கிறது.